கம்பு பிடிக்கிறவள்

இது ஒரு கணுக்கால் உடைந்த கதை. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

தூத்துக்குடியில் கடலோரமாக ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே நடனம் சொல்லிக்கொடுத்தவர் லிகாயா டீச்சர். பிலிப்பைன்ஸ்காரர். லெய்த்தே என்ற தீவில் பிறந்தவர். கப்பலில் சமையல் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, இந்த ஊர்த் தமிழையே பேசக் கற்றுக்கொண்டவர். லிகாயா என்றால் அவர் நாட்டு மொழியில் சந்தோஷம். பிள்ளைகளுக்கு அந்த அர்த்தமெல்லாம் தேவைப்படவில்லை. நெல்லிக்காய் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் போனது.

"உப்புல ஊறப் போடாத வரைக்கும் சரிட்டி" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்தது அவர் தீவின் ஆட்டம். டினிக்ளிங். இரண்டு நீளமான மூங்கில் கம்பு. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி உட்கார்ந்து இரண்டு கம்புகளையும் பிடித்துக்கொள்வார்கள். தரையில் இரண்டு தட்டு, பிறகு கம்போடு கம்பு ஒரு மோதல். தட்டும்போது ஆடுகிறவளின் கால் கம்புகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மோதும்போது வெளியே இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். கணுக்காலுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

"எங்க ஊர் வயல்ல ஒரு பறவ உண்டு. மூங்கில் பொறி வச்சிருப்பாங்க. அதுக்குத் தப்பித் தப்பி நடக்கும். அதப் பாத்துத்தான் இந்த ஆட்டம்" என்பார் டீச்சர்.

"பொறில மாட்டுனா என்ன செய்வாங்க டீச்சர்?"

"குழம்பு வப்பாங்க."

ஒருநாள் பிள்ளைகள் சினிமா குத்துப்பாட்டு போட்டு ஆடலாமா என்று கேட்டார்கள்.

"அதுக்கு நாலு தட்டு. இதுக்கு மூணு. மிச்ச ஒண்ணுக்குக் கால எங்க வப்ப? தலையிலயா?"

அவரிடம் ஒரே ஒரு விதிதான் உண்டு. கம்பு பிடிக்கிறவள் ஆடுகிறவளின் காலைப் பார்க்கக் கூடாது. எதிர் முனையில் இருப்பவளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"கால் அடிபட்டா?"

"அது காலோட சோலி. ஒன் சோலி கம்பு."

ஜெனோவா அவரிடமே ஆடக் கற்றவள். அதே பள்ளியில் படித்து, அங்கேயே பி.டி. டீச்சராக வந்தாள். சின்ன வயசு. சேலை கட்டினால் பிளஸ் டூ பிள்ளை ஆண்டு விழாவுக்கு வந்த மாதிரி இருக்கும். அவளுக்கு லிகாயா டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருட ஆண்டு விழா ஆட்டத்தை டீச்சர் அவளிடம் கொடுத்தார்.

"இனிமே நீ பாரு. நான் கிட்ட வர மாட்டேன்."

ஆடுகிற பிள்ளைகளில் பெனிஷா ஒருத்தி. பதினொன்றாம் வகுப்பு. எந்த விழாவிலும் யாரும் அவளை எதற்கும் சேர்த்ததில்லை. நாற்காலி அடுக்கக் கூப்பிடுவார்கள். இந்த முறை அவளாகவே வந்து நின்று பெயர் கொடுத்தாள். அவளுக்கு ஆசை இருந்தது. கால்தான் லேட். ஒரு தட்டு அளவுகூட இல்லை, அதில் பாதி. கம்பு வந்து கணுக்காலில் உரசும். "ஒண்ணுமில்ல மிஸ்" என்று சிரிப்பாள். கண்ணில் தண்ணீர் நிற்கும்.

கம்பு பிடித்தவர்கள் இசக்கியும் ரொசாரியும். ரொசாரி தனியாக வந்து சொன்னாள்.

"மிஸ், பெனிஷாவ மாத்திருங்க. மேடையில விழுந்து வைப்பா."

ஜெனோவாவால் அவளை மாற்ற முடியவில்லை. கால் லேட் என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அந்த முகம் வாடும். அதைப் பார்க்க ஜெனோவாவுக்குத் தெம்பு இல்லை. அதனால் வேறு வழி பார்த்தாள்.

பயிற்சி முடிந்ததும் இசக்கியையும் ரொசாரியையும் நிறுத்தினாள்.

"பெனிஷா வாரப்ப மட்டும் அவ காலப் பாருங்க. லேட்டானா, கம்பக் கொஞ்சம் நிறுத்திப் பிடிங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"நெல்லிக்கா டீச்சர் வைவாவளே மிஸ்."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

"பொறவு எம் மூஞ்சிய யாரு பாப்பா?" என்றாள் இசக்கி.

"ஒம் மூஞ்சியப் பாக்காம இருந்தாலே எனக்குப் பாதி சோர்வு போயிரும்" என்றாள் ரொசாரி.

மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து கம்பு உரசவில்லை. பெனிஷா நிமிர்ந்து ஆடினாள். குனிந்து கம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடி வந்தாள்.

"பாத்தீங்களா மிஸ்?"

"பாத்தேன்" என்றாள் ஜெனோவா.

ஆண்டு விழா வந்தது. மேடை, பந்தல், முன் வரிசையில் பெரிய மனிதர்கள். கம்புச் சத்தம் கேட்கட்டும் என்று தரையோரம் ஒரு மைக் வைத்திருந்தார்கள். பெனிஷா கம்புக்குள் வந்தாள். தட்டு, தட்டு. இசக்கி பழக்கத்தில் தன் முனையை நிறுத்திப் பிடித்தாள். காலைப் பார்த்த ரொசாரி பிடிக்கவில்லை. அவள் முனை மோதிவிட்டது. கம்பு கோணியது. இசக்கி பதறிப்போய்த் தன் முனையை இழுத்து மூடினாள். அதற்குள் பெனிஷாவின் கால் மறுபடி உள்ளே வந்திருந்தது.

உடம்பு முன்னால் போனது. கால் போகவில்லை.

அந்தச் சத்தத்தையும் மைக் பிடித்தது. ஆட்டத்தில் ஒரு தட்டு என்று நினைத்து முன் வரிசையில் சிலர் கை தட்டினார்கள்.

கணுக்காலில் தகடு வைத்தார்கள். நடப்பாள் என்றார் டாக்டர். ஆடுவாளா என்று கேட்டதற்கு, "மொதல்ல நடக்கட்டும்" என்றார்.

ஜெனோவா டீச்சரைத் தேடிப் போனாள். அவர் பள்ளிக்கூட ஹாலில் தனியாக உட்கார்ந்து கம்புகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனோவா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இசக்கியிடம் சொன்னது, ரொசாரியிடம் சொன்னது, பெனிஷாவிடம் சொல்லாதது. டீச்சர் துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை. ஜெனோவா அதைக் கவனிக்கவில்லை.

"நான் இரக்கந்தான் பட்டேன் டீச்சர். அது தப்பா?"

"பெனிஷாவப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"அவ மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

"என்கிட்ட ஏன் கேக்க? கால் அவளுது. அவகிட்டப் போயிக் கேளு."

ஜெனோவா நகரவில்லை.

"வேலைய விட்டுரலாம்னு இருக்கேன் டீச்சர். இனி யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்க மாட்டேன்."

"விடு. அதுக்கு முன்னால அவளப் போயிப் பாத்துட்டு வா."

பெனிஷாவின் வீட்டில் அவள் அம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி, "செதிலாருக்கு மிஸ். உள்ள போங்க" என்றாள். பெனிஷா கட்டிலில் கிடந்தாள். கட்டுப் போட்ட கால் இரண்டு தலையணை மேல் இருந்தது.

"வலிக்கா?"

"ஆமா."

ஒண்ணுமில்ல மிஸ் என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

ஜெனோவா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்ன மன்னிச்சிரு. ஒனக்குக் கால் கொஞ்சம் லேட்டு. அதான் நான்..."

"அன்னைக்கு நான் லேட்டில்ல மிஸ்."

ஜெனோவா நிமிர்ந்தாள்.

"கம்புதான் லேட்டு" என்றாள் பெனிஷா. "வீட்டுல எங்கம்மையும் சித்தியும் பிளாஸ்டிக் பைப்ப வச்சுத் தட்டுவாங்க. நான் ஆடுவேன். இங்க அடி விழும். ஸ்கூல்ல விழாது. ஸ்கூல் தரை நல்ல தரை போலன்னு நெனச்சேன்."

வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான் ஒருத்தி, இந்த எருமைக்குப் பைப்பு தட்டிட்டுக் கெடந்தேன். காலத் தூக்குட்டி, காலத் தூக்குட்டின்னு தொண்ட போயிட்டு. மீனக் கருக விட்டதுதான் மிச்சம்."

"சும்மா இரும்மா" என்றாள் பெனிஷா. பிறகு ஜெனோவாவிடம் சொன்னாள். "அடி விழுந்து விழுந்து ஆட்டம் வந்துட்டு மிஸ். விழாவுக்கு மொத நாள் சாயங்காலம் ஒரு அடிகூட விழல. எங்கம்மை பைப்பக் கீழ போட்டுட்டுக் கையத் தட்டுனா. ஒங்களுக்கு மேடையில காட்டணும்னு சொல்லாம வச்சிருந்தேன்."

பெனிஷாவே தொடர்ந்தாள்.

"இசக்கி வந்து அழுதா. அவதான் எல்லாம் சொன்னா. அவள வையாதீங்க மிஸ்."

"இல்ல."

"நான் லேட்டுன்னு அவளுக்குத் தெரியும். ரொசாரிக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும்." பெனிஷா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டாள். "எங்கிட்ட மட்டும் ஏன் மிஸ் சொல்லல?"

அம்மா கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஜெனோவா கிளம்பிவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது ஹாலில் இரண்டு கம்புகள் தரையில் கிடந்தன. ஒரு முனையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கம் உக்காரு."

ஜெனோவா மற்ற முனையில் உட்கார்ந்து கம்புகளைப் பிடித்தாள். ஆட யாரும் இல்லை. தட்ட ஆரம்பித்தார்கள். தட்டு, தட்டு, மோது. ஜெனோவாவின் கண் நடுவே போய் நின்றது.

"அங்க யாரும் இல்ல. என்னப் பாரு."

பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் டீச்சரின் கம்புகளுக்கு நடுவே ஆடியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்ததில்லை. தட்டு, தட்டு, மோது. தட்டு, தட்டு. டீச்சரின் கை தப்பியது. கம்பு மோதவில்லை. டீச்சரின் கை தப்பி ஜெனோவா பார்த்ததே இல்லை.

டீச்சர் மறுபடி தட்டவில்லை.

"பெனிஷா என்ன சொன்னா?"

"அன்னைக்கு அவ லேட்டில்லையாம்."

"ஆமா. பாத்தேன்."

"ஏன் எங்கிட்ட மட்டும் சொல்லலன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

டீச்சர் கம்புகளைத் தரையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"நீ அந்தப் பிள்ளைகள நிறுத்தி வச்சுப் பேசுனல்ல. அன்னைக்கு நான் வராண்டாவுல நின்னேன்."

ஜெனோவாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் இன்னும் கம்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா டீச்சர்?"

"எல்லாம் கேட்டுச்சு. நீங்க சிரிச்சதும் கேட்டுச்சு."

"அது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ புதுசு. மொத மொதலா ஒங்கையில ஒரு ஆட்டத்தக் குடுத்திருந்தேன். ஒம் மூஞ்சி வாடிரும்னு, நானும் கம்பக் கொஞ்சம் நிறுத்திப் பிடிச்சேன்."