நிபுணர் பொத்தான்

விடுப்பு போடும் மென்பொருளுக்கு அங்கயற்கண்ணி இரண்டு உதவிப் பக்கங்கள் எழுதி, ‘புதியவர்’, ‘நிபுணர்’ என்று பொத்தான் வைத்தாள். இரண்டே பேரைத் தவிர அலுவலகத்தில் எல்லாரும் அழுத்தியது ‘நிபுணர்’தான். அவர்களில் ஒருத்தருக்கும் அந்தப் பக்கம் புரியவில்லை. நாள் முழுக்க அவளுக்குப் போன் போட்டுக் கொன்றார்கள்.

மேலாளர் வைகுண்டம் கத்தினார்: “திங்கட்கிழமை ஒரு போன் வந்தாலும் உனக்கு வேலை கிடையாது!”

திங்கட்கிழமை போன் வரவேயில்லை. ‘நிபுணர்’ பொத்தானை அழுத்திப் படித்து, வைகுண்டமே முதல்முறையாகச் சொந்தமாக விடுப்பு போட்டார்.

“இவ்வளவு தெளிவா எழுதத் தெரியுதுல்ல? புதியவர் பக்கத்தையும் இப்படி எழுதித் தொலைக்கிறதுக்கென்ன?”

“நீங்க படிச்சதே அதுதான் சார். பொத்தான் பேரை மட்டும் இடம் மாத்தி வெச்சேன்.”

வைகுண்டம் முகம் சிவந்தது. “அப்போ நிஜ நிபுணருங்க கதி?”

“அந்த ரெண்டு பேரும் அன்னிக்கே ‘புதியவர்’னுதான் சார் அழுத்தினாங்க.”