சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூல்

பொங்கியண்ணன் பதினாலு படங்களையும் மேஜைமேல் பரப்பினார். அத்தனையும் அவரே தன்னை எடுத்துக்கொண்டவை.

"இதுல நல்லதா ஒண்ணைப் பொறுக்கிக் குடுங்க டீச்சர். எங்க வீட்டம்மாவுக்கு அனுப்போணும்."

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. கோயமுத்தூரில் பழைய லேத்து மெஷின்களை வாங்கி விற்கிறவர். அவர் குரல் ஏறினால் எதிராளியின் விலை தானாக இறங்கும். படமெடுக்கச் சொல்லித்தரும் ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே.

அவர் மனைவி மயிலாத்தாள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. போகும்போது சண்டை போடவில்லை. "உங்க மூஞ்சியைப் பாத்தாலே பயமா இருக்குதுங்க" என்றாள், அவ்வளவுதான். நல்ல மூஞ்சியாக ஒன்றை அனுப்பிவிட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ரெஜினா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் சிரிச்சிருக்கீங்க. லேத்து விக்கறப்பவும் இதே சிரிப்புதானுங்களா அண்ணா?"

"என்னங்க, நக்கலா?" மேஜை அதிர்ந்தது. "ஆறு வாரமா ஞாயித்துக்கிழமைக் கறிச்சோத்தை விட்டுட்டு வந்து படிக்கறேன்!"

"அடுத்த வாரம் வர்றப்ப, அக்கா வீட்டுல எதுல உக்காருவாங்களோ அதை எடுத்துட்டு வாங்க."

இதென்ன பெரிய காரியம் என்று வீட்டுக்குப் போனவர், கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். சோபாவில் உட்காருவது அவர். நாற்காலிகள் அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு. அவள் எதில் உட்காருவாள்? முப்பது வருஷக் குடித்தனம், சட்டென்று சொல்ல முடியவில்லை.

தேடினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகியிருந்தாள். உட்கார்ந்து பார்த்தார். கதவிடுக்கில் அவருடைய சோபா மட்டும் தெரிந்தது.

மறு ஞாயிறு ஸ்டூலோடு வந்தார்.

"பக்கத்துல போட்டுக்கிட்டு நில்லுங்க. பத்து செகண்டுல கேமரா தானா எடுத்துக்கும்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மீசையைத் தடவினார். பதினைந்தாவது சிரிப்பை எடுத்து மாட்டினார். கிளிக்.

"ஆச்சு," என்றார். சிரிப்பு கழன்று விழுந்தது. அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததில் ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சற்று நேரம் நின்றார்.

ஒன்றோடு நிற்காமல் அடுத்தடுத்துப் பத்து எடுக்கும்படி ரெஜினா கேமராவை வைத்திருந்தார். ஏழாவது படத்தைக் காட்டினார். வெற்று ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான், கூட வந்தவரை பஸ் ஸ்டாண்டில் தொலைத்தவன் மாதிரி.

"யாருங்க இவன்? அழிங்க மொதல்ல!"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பொங்கியண்ணன் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"தெரியும். பன்னண்டு வயசுல பழைய இரும்புக் கடையில மூட்டை தூக்குனவன். அழுதா ஒதைப்பாங்க. கத்துனா ஒதுங்கிக்குவாங்க. அதனால இவனை உள்ள தள்ளிப் பூட்டிப் போட்டேன். செத்திருப்பான்னு நெனச்சேனுங்க."

"அக்கா இவரைப் பாத்திருக்காங்களா?"

"ஒரு நாளும் காட்டுனதில்லீங்க."

துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார் பொங்கியண்ணன். துடைத்து முடிப்பதற்குள் அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்துவிட்டான்.

"சரி, இதையே அனுப்பிடறேன். ஆனா ஒண்ணுங்க டீச்சர். இந்த நொண்டி ஸ்டூலை அவ அண்ணன் பாத்தான்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அதை வெட்டி எடுத்துட்டு, என்னை மட்டும் வெச்சுக்கலாமுங்களா?"

"தாராளமா வெட்டலாமுங்க அண்ணா," என்றார் ரெஜினா. "வெட்டிட்டா, இவர் எதைப் பாத்துட்டு நிக்கறார்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்?"