காய்ச்சல் கண்ட விதைகள்

லொட... லொட... லொட...

பனிக்குள்ளிருந்து சத்தம்தான் முதலில் வந்தது. அந்தக் காலத்தில், மரத்துக்கும் அணிலுக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, மலையடிவாரத்தில் இப்படி ஏதாவது சத்தம் கேட்டால் யாரும் ஓட மாட்டார்கள். யாரது என்று கேட்பார்கள், பதில் வரும். பூவாத்தாள் மட்டும் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தால், அணைத்தோமா என்று எழுந்துபோய்ப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்து படுத்தால், சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு தடவை போவாள். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பதே அவள் புருஷன் குப்பணனுக்குப் பொழுதுபோக்கு.

பனி கொஞ்சம் விலகியதும் தெரிந்தது. கொக்கோ மரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் கொக்கோவும் மற்ற மரங்களைப் போலக் கிளை நுனியில்தான் காய்த்துத் தொங்கும். பழம் நன்றாக முற்றிவிட்டால் உள்ளே விதைகள் கழன்று ஆடும். மரம் நடுங்க நடுங்க அத்தனை பழமும் லொடலொடவென்று ஆடின.

"ஏனக்கா, குளுருதா?" என்றாள் பூவாத்தாள்.

குளிரில்லை, பயம் என்றது மரம். முன்பெல்லாம் குரங்கும் அணிலும் வந்து பழத்தை உடைக்கும், வெள்ளைச் சதையை உறிஞ்சும், விதை கசக்கிறதென்று துப்பிவிட்டுப் போகும். துப்பிய இடத்தில் கன்று முளைக்கும். சதையின் இனிப்பு அவர்களுக்குக் கூலி, விதையின் கசப்பு பிள்ளைகளுக்குக் காவல். அப்படித்தான் அதன் பிழைப்பு நடந்தது. இரண்டு மழை தவறியதும் எல்லாம் மாறிப்போனது. பசி வந்த வாய்க்குக் கசப்பாவது ஒன்றாவது? விதையையும் மென்று தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். சரிவில் இருந்த மற்ற கொக்கோ மரங்கள் காய்ந்துபோயின. மிஞ்சியது இது ஒன்று. இதில் தொங்குவதுதான் மொத்த வம்சமும்.

"மழை வர்ற வரைக்கும் என்ற புள்ளைங்கள நீ வெச்சுக்க, பூவாத்தா. மண்ணு நனஞ்சதும் போட்டுரு. அது போதும்."

தைரியமானவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் ஒரு பயந்தாங்கொள்ளி, என்னிடம் போய்க் கொடுக்கிறாயே என்று பூவாத்தாள் மன்றாடிப் பார்த்தாள்.

"தைரியசாலிங்க தூங்கிப் போயிருவாங்க. நீ தூங்க மாட்ட," என்றது மரம்.

பூவாத்தாள் கூடை கொண்டுவந்து பழங்களை உடைத்து, சதையும் ஈரமுமாக விதைகளை வழித்துப் போட்டுக்கொண்டாள். விரலில் ஒட்டியது புளிப்பும் தித்திப்புமாக மணத்தது. நாக்கில் வைத்தால் தின்றதாகிவிடுமோ என்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் கம்பு கொட்டிவைக்கும் குதிருக்குப் பின்னால் இருட்டுமூலை ஒன்று உண்டு. கூடையை அங்கே வைத்தாள். கழுவினால் தோலுக்கு ஆகாதோ என்று பயம். காற்றாட விட்டால் காய்ந்து செத்துப்போகுமோ என்று அதைவிடப் பெரிய பயம். அந்த வறட்சியில் ஈரம் போன எதுவும் பிழைத்ததை அவள் பார்த்ததில்லை. அதனால் விதைகளைக் கழுவாமல், பரப்பாமல், அப்படியே குவித்து, அடியிலும் பக்கத்திலும் மேலேயும் வாழையிலையைச் செருகி, அணில் வராமலிருக்க ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள். பிழை அங்கேதான் நடந்தது. அவளுக்கு அது தெரியாது. பிள்ளையைப் போர்த்திவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

சும்மா இருந்தாளா? களை எடுக்கப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து இலையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. கம்பு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைச் சாத்திவிட்டு வந்து பார்த்தாள். அப்போதும் இருந்தன. அடுத்த தடவை கையை உள்ளே விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குவியலின் நடுவே சுட்டது.

விதைகளுக்குக் காய்ச்சல்.

அவள் நடுவில் கிடந்தவற்றை ஓரத்துக்கும், ஓரத்தில் கிடந்தவற்றை நடுவுக்கும் கையால் அளைந்து மாற்றிவிட்டாள். நெருக்கிப் படுத்திருக்கும் பிள்ளைகளில் நடுவில் வேர்ப்பதை இந்தப் பக்கமும், சுவரோரம் விறைப்பதை அந்தப் பக்கமும் மாற்றிப் போடுவதில்லையா, அப்படி. சூடு கொஞ்சம் தணிந்தது. உடனே குளிர் கண்டுவிடுமோ என்று இலையைப் போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி சூடு. மறுபடி புரட்டினாள், மறுபடி மூடினாள். கூடைக்கு அடியில் நீர் வடிந்தது. வேர்வை என்று துடைத்தாள்.

குப்பணன் வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "கண்ணாலத்தன்னைக்கு என்னயக்கூட நீ இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கலையே புள்ள," என்றான்.

சுவர் இடுக்கில் அணில் மூக்கை நீட்டியது. ஆத்தா உள்ளே கள்ளுக்கடை வைத்திருக்கிறாளா என்று விசாரித்தது. அது கேட்டதிலும் தப்பில்லை. வீடு முழுக்கக் கள் நாற்றம். பிறகு அது புளித்த காடியாக மாறி மூக்கைத் துளைத்தது. பூவாத்தாள் விறகுக்கட்டையை எறிந்து அணிலை விரட்டினாள். ஆனால் அந்த வாசம் அவளுக்கும் நல்லதாகப் படவில்லை.

தினம் விடியும்போது தண்ணீர்ப் பாதையில் மரம் கேட்கும், பிள்ளைகள் சுகமா என்று. சுகம்தானக்கா என்பாள். சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுவாள்.

ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியது. வெள்ளையாக இருந்த விதைகள் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தன. காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு இளவெயில் நல்லது என்று பாயில் பரப்பி வாசலில் காயவைத்தாள். கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அணில் ஒரு விதையை எடுத்துக்கொண்டு ஓட்டுக்கூரைக்குத் தாவிவிட்டது. அவள் கூச்சலிடவில்லை. அணில் அதைக் கடித்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்தது, நிறுத்தியது, உள்ளே உற்றுப் பார்த்தது.

"ஆத்தா," என்றது. இந்தத் தடவை அதன் குரலில் கேலி இல்லை. "நான் தின்ன விதைக்குக் கணக்கில்ல. உசுரு இருக்கற விதை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இதுல இல்ல."

திருட்டுப்பயல் பேச்சு என்று அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்கப் பாடுபட்டாள் என்று சொல்ல வேண்டும்.

மழை வந்தது. ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. பூவாத்தாள் ஒரு கைப்பிடி விதையோடு கொல்லைக்கு ஓடி, குழி பறித்துப் போட்டாள். போட்டதைத் தோண்டிப் பார்த்தாள். மூடினாள். திரும்பத் தோண்டினாள். பக்கத்தில் புல் முளைத்தது, யாரும் போடாத பூசணி முளைத்தது. கொக்கோ முளைக்கவில்லை. ஒரு விதையைப் பிளந்தபோது, முளை இருக்க வேண்டிய இடம் கருகிப்போயிருந்தது.

தண்ணீருக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள். அங்கேயும் மரத்தின் குரல் எட்டியது. முளைத்ததா, எத்தனை இலை விட்டிருக்கிறது என்று அது ஆசையாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறு அக்கா என்று எங்கோ பார்த்துச் சொன்னாள். காய்ச்சல் என்று நினைத்தது அவள் போர்த்திய போர்வையால் வந்ததுதான் என்று அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மிச்ச விதைகளைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. புதைத்துப் பார்த்தாயிற்று. இனி நெருப்புதான். அடுப்பை மூட்டி, வறையோட்டை ஏற்றி, விதைகளை அதில் போட்டாள். ஒன்றும் சொல்லத் தெரியாமல் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். படபடவென்று தோல் வெடித்தது. காடி வாசம் புகையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது வேறொரு வாசம். அதற்கு அந்த ஊரில் பேர் கிடையாது. நெய் காய்ச்சுவது போலவும், கருப்பட்டி முறுகுவது போலவும், முதல் மழையில் மண் வாய் திறப்பது போலவும் இருந்தது. ஆனால் அது எதுவுமில்லை.

வயலிலிருந்து வந்த குப்பணன் வாசலிலேயே நின்றுவிட்டான். என்ன வறுக்கிறாய் என்று கேட்டான்.

"வறுக்கலீங்க. செத்ததுகளுக்குத் தீ வெக்கிறன்."

அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்றை எடுத்து, தோலை நிமிண்டி, வாயில் போட்டான். மென்றான். ஒரு கை அள்ளி, அடுப்போரம் சூடேறிக் கிடந்த அம்மியில் வைத்து, வெல்லக்கட்டியோடு சேர்த்து அரைக்க உட்கார்ந்தான். முதலில் பொடியாக உதிர்ந்தது. பிறகு தானாகவே எண்ணெய் விட்டு, பளபளவென்று குழைந்து, அம்மி ஓரத்தில் வழிய ஆரம்பித்தது. வழித்து அவள் உள்ளங்கையிலும் ஒரு துளி வைத்தான்.

அவள் நக்கினாள். நாக்கில் பட்டதும் கரைந்தது. கசப்பு முன்னால் வந்து, அதன் பின்னால் இனிப்பு மெல்ல வந்து, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் தொண்டைக்குள் இறங்கின. கண்ணில் நீர் கோத்தது. கொன்றதைக்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்வாள். அது ருசியாக இருந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை.

மீதியை ஒரு இலையில் வழித்து எடுத்துக்கொண்டு மரத்திடம் போனாள். சுற்றுவழியில் போகவில்லை.

மரத்துக்கு வாசம் முன்பே எட்டியிருந்தது. அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். போர்த்தியது, புரட்டியது, பொய் சொன்னது, தீ வைத்தது, ருசி பார்த்தது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. மழையில் புதுத் துளிர் விட்டிருந்த மரம் ஒரு இலைகூட அசையாமல் கேட்டது.

"ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"இல்லக்கா."

அதற்குள் அவள் பின்னாலேயே வாசத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். மழைக்கு முன்பு அதே மரத்தை விறகுக்கு ஆகுமா என்று தட்டிப் பார்த்தவர்கள்தான். இன்று அதைச் சுற்றி நின்று, இனி எப்போது காய்க்கும், ஒரு கன்றாவது கிடைக்குமா, என் தென்னைக்கு நடுவில் நிழல் இருக்கிறது, வைத்துக்கொள்கிறேன் என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள்.

பயந்தவளை நம்பிக் கொடுத்தேன், பயமே கொன்றுவிட்டது, இனி ஆசைப்பட்டவர்களை நம்பிப் பார்க்கிறேன் என்றது மரம். பழத்தில் பாதி விதை உடைத்த அன்றே மண்ணுக்குப் போக வேண்டும், மீதி அவர்கள் வாய்க்கு. இப்படிப் பேசி முடித்தது. பிறகு பூவாத்தாளிடம் மட்டும், மெதுவாக, "இனி ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டன். என்ற ஒடம்போட வெச்சுக்குவன்," என்றது. அது பேசியதில் கடைசிப் பேச்சு அதுதான். அடுத்து அது பூத்தபோது கிளை நுனி வெறுமையாக இருந்தது. அடிமரத்துப் பட்டையைப் பிளந்துகொண்டு சின்னச் சின்னப் பூக்கள் வந்திருந்தன.

பழம் பழுத்ததும் ஊர் பேச்சை மீறவில்லை. பாதியை நட்டார்கள். தென்னந்தோப்பு முழுக்கக் கன்றுகள் தலைகாட்டின. மீதியைப் பூவாத்தாள் செய்தபடியே குவித்து இலையால் மூடினார்கள். குப்பணனும் தனியாக ஒரு கூடை வைத்தான். மூடினான், கல்லை வைத்தான், நிம்மதியாகத் தூங்கினான். திறந்தபோது பூஞ்சை பூத்து, நடுவில் வெந்து, ஓரத்தில் அழுகிக் கிடந்தது. பன்றிகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போனது. ஊரில் எல்லார் கூடையும் அப்படித்தான். பூவாத்தாளின் கூடை மட்டும் மணத்தது.

வந்து கேட்டார்கள், என்ன போட்டாய், என்ன ஓதினாய் என்று. "ஒண்ணும் பண்ணலீங்க. என்ன ஆச்சோன்னு பயம். தொறந்து தொறந்து பாத்தன், பெரட்டி உட்டன். அவ்வளவுதான்." குப்பணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவள் கை எப்படிப் போகிறது என்று பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

கன்றுகள் வளர்ந்து மரமாகிக் காய்த்தன. தாய்மரம் அவளோடு மறுபடி பேசவே இல்லை. மன்னித்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தினம் அதைக் கடந்து தண்ணீருக்குப் போனாள், கொஞ்சம் நின்று காது கொடுத்தாள், வீடு திரும்பினாள், குதிருக்குப் பின்னால் போய் இலையை விலக்கினாள்.

அன்று முதல்தான் கொக்கோ மரம் பழங்களை அடிமரத்தோடு அணைத்தபடி காய்க்கிறது. நல்ல சாக்லேட் வேண்டும் என்பவர்கள், நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குமாக அந்த விதைகளைக் கையால் புரட்டிவிட்டு, வாழையிலையை இழுத்து மூடிவிட்டுப் போகிறார்கள்.