முகம் காட்டாத வால்வு

“வால்வு எங்கிட்ட மட்டும் முகத்தைக் காட்ட மாட்டேங்குது, மேடம்,” என்றார் வேதமாணிக்கம்.

ஐம்பத்திரண்டு வயசு. இருபது வருஷம் பைபாஸ் செய்து பெயர் வாங்கிய கை. இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வை மாற்றக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பன்னிரண்டு வயசு இளையவரான டாக்டர் ஷமீமாவிடம் வந்து சேர்ந்திருந்தார். அதற்கே ஒரு மனசு வேணும், இல்லையா?

ஷமீமா கை கழுவிக்கொண்டே கேட்டார். “ரெண்டு தடவையும் எந்த வழியாப் போனீங்க, நீங்களே சொல்லுங்க.”

“இடது மேலறையை நேராத் திறந்தேன், தெரியலை. அடுத்த தடவை வலது மேலறை வழியா, நடுச்சுவரை வெட்டிப் போனேன். அப்பவும் பாதிதான். ரெண்டு தடவையும் நீங்க வந்து கை வெச்ச பிறகுதான் தெரிஞ்சுது. இன்னிக்கும் ஆகலைன்னா கத்தியை வெச்சிட்டு ஊருக்குப் போயிருதேன்.”

“போங்க. முதல்ல அந்த அம்மாவைப் பார்ப்போம்.”

அந்த அம்மா அமலோற்பவம். துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். இப்போது வால்வு சுருங்கிப்போய், நாலு வார்த்தை கூவினால் மூச்சு இரைக்கிறது. “என் சத்தத்தைத் திருப்பிக் குடுத்திருங்க சார்,” என்று முந்தின நாள் வேதமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் மேஜையில் வேதமாணிக்கம் அந்த அம்மாவின் நெஞ்சைத் திறந்தார். இதயத்தின் உறையை வெட்டி, ஓரங்களை இரண்டு பக்கமும் நூல் போட்டு இழுத்துக் கட்டினார். பைபாஸ் பழக்கம். கை தானாகவே செய்தது.

“நல்ல இறுக்கம்,” என்றார் எதிரே நின்ற ஷமீமா.

இதயத்துக்குப் பதிலாக ஓடும் இயந்திரம் ரத்தத்தை வாங்கிக்கொண்டது. இதயம் நின்றது.

அறை முழுக்க மெல்லிய ரீங்காரம். குளிர். வேதமாணிக்கத்துக்கு இந்த நேரத்தில் எப்போதும் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருக்கும். சுவர்க்கடிகாரம்கூட எங்கோ மிதந்து போகும்.

மேலறையைத் திறந்தார். கொக்கி போட்டு விலக்கினார்.

இருட்டு.

இன்னும் இழுத்தார். ஐயோ, ஓரம் கிழியப்போகிற மாதிரி வெளுத்தது.

“இதயம் நின்னு பதினெட்டு நிமிஷம்,” என்றது இயந்திரத்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

“தெரியலை மேடம்! இன்னும் அகலமா வெட்டட்டுமா?”

“கொக்கியைத் தளர்த்துங்க.”

“தளர்த்தினா மூடிக்குமே!”

“தளர்த்துங்க அண்ணாச்சி.”

தளர்த்தினார்.

இதயத்தின் உறையை இடப்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த, தன் பக்கத்து நூல்களை ஷமீமா கத்தரித்துவிட்டார். மூன்றே நூல்.

தூக்கத்தில் புரளும் குழந்தை மாதிரி இதயம் இடப்பக்கம் மெல்லச் சரிந்தது. வலப்பக்கம் எழும்பியது. இருட்டு இருந்த இடத்தில் தடித்துச் சுருங்கிய வால்வு மேலே வந்து, அவரை நேராகப் பார்த்தது.

வேதமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வால்வை அவரே மாற்றினார்.

பத்தாம் நாள், வார்டில் அமலோற்பவம் தன் தட்டிலிருந்த உப்புமாவை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். “ஒரு தரம்! ரெண்டு தரம்!” மாடி வரைக்கும் கேட்டது.

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேதமாணிக்கம், பக்கத்தில் நின்ற ஷமீமாவிடம் திரும்பினார்.

“முன்னால ரெண்டு தடவையும் நூலைக் கத்தரிச்சதைத்தான் செஞ்சீங்களா, மேடம்?”

“அதையேதான்.”

“என் கண்ணு எங்க போயிருந்துச்சு?”

“கொக்கி மேல இருந்துச்சு, அண்ணாச்சி.”