நாற்பத்தோராவது சீல்

அண்டார்டிகா ஆய்வுக்கூடத்தில் குருவை விட மாணவருக்குத்தான் வயது அதிகம். கோவில்பட்டிப் பள்ளியில் இருபத்தைந்து வருடம் விலங்கியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் கோமதிநாயகம். குரு சுடர்விழிக்கு முப்பத்தாறு வயது.

சீல் எனும் கடல்நாய்களின் சாணத்தைச் சலித்து, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பது கோமதிநாயகத்தின் வேலை. நாற்பது சீல்கள் ஆயிற்று. மீன்முள் வந்தது, குடலைப் பிடுங்கும் நாற்றம் வந்தது, பிளாஸ்டிக் மட்டும் வரவில்லை. அது கிடைக்கும் நாளில் பிரிக்கலாம் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாய் டப்பா அப்படியே கிடந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டுமே என்று மனிதர் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார்.

நாற்பத்தோராவது சீலில் மூன்று நீல இழைகள் தென்பட்டன.

"மேடம்! கிடைச்சிட்டு!" அதற்குள் டப்பா மூடியில் கை வைத்துவிட்டார்.

சுடர்விழி நுண்ணோக்கியில் பார்த்தார். பக்கத்தில் இருந்த காலித் தட்டை எடுத்து அதன் கீழே வைத்தார். காற்றில் பறந்து வந்து விழுவது என்னவென்று தெரிய, சலிக்கும்போதெல்லாம் ஒரு சுத்தமான தட்டைத் திறந்து வைப்பது அங்கே வழக்கம்.

"இப்ப பாருங்க சார்."

அதிலும் நீல இழைகள்.

கோமதிநாயகம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். குளிருக்கு அவர் மனைவி நைலான் நூலில் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டர். அதன் மேல் போடவேண்டிய பருத்திக் கோட்டு ஆணியில் தொங்கியது.

"உங்க வீட்டம்மா கைவேலையைக் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார் சுடர்விழி.

கோமதிநாயகத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் டப்பாவைத் தள்ளி வைக்கும்போது முகம் வாடிப்போயிற்று.

"நாப்பத்தொண்ணும் பூச்சியம். இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய மேடம்?"

சன்னலுக்கு வெளியே, வெயிலில், அந்த நாற்பத்தோராவது சீல் மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது.

"வீட்டம்மாவுக்கு எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களா சார்?"

"போன வருசம். வயித்துல கட்டியோன்னு பயந்துட்டோம்."

"ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தேன் மேடம்."

சொல்லிவிட்டு அவர் சன்னலைப் பார்த்தார்.

சுடர்விழி கையை நீட்டினார்.

"டப்பாவைத் திறங்க சார். நாப்பத்தொரு பேருக்கு ரிப்போர்ட் வந்திருக்கு."