ராசிகெட்ட கை

வேர்க்கடலைச் செடியெல்லாம் மஞ்சளாக வெளுத்ததும், நிலக்காரர் திருவேங்கடம் ஊரைக் கூட்டிக் கத்தினார்: "ராசிகெட்ட கை! குத்தகையை விட்டு வெளியே போடி!"

குத்தகைக்காரி செங்காயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரலை மட்டும் தணித்துக்கொண்டாள்.

"ஐயா, உங்க ராசியான கையால ஒரு வரிசைக்குத் தண்ணி தெளிங்க, போதும். என் கைக்குத்தான் ராசி இல்லியே, நான் அன்னபேதி உப்பைக் கரைச்சு அடுத்த வரிசைக்குத் தெளிக்கிறேன்."

அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு தெளித்தார். ஒரு வாரத்தில் அவள் வரிசை பச்சென்று நின்றது. அவருடையது அதே மஞ்சள். ஊரே வரப்பில் நின்று பார்த்தது.

"அந்த உப்புல அப்படி என்னடி இருக்கு?" என்றார் திருவேங்கடம்.

"இரும்புச்சத்துங்க. இந்த வயல்லயே இருந்ததுதான். மேல்மண்ணோட செங்கல் சூளைக்குப் போயிருச்சு. அந்த மண்ணை வித்த கை எதுன்னு, நீங்க கூட்டின ஊருக்கு நீங்களே தூக்கிக் காட்டுங்க!"