அட்லாண்டிக்கில் கருவேலம்பட்டியார்

கருவேலம்பட்டியில் கடல் கிடையாது, ஆறும் கிடையாது. குளம் உண்டு, அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்துதான் நீர்மூழ்கிக் கப்பல் வீடியோ கேம் போட்டிக்கு மூன்று மாவீரர்கள் கிளம்பினார்கள். இசக்கியப்பன் கேப்டன். அவனிடம்தான் தொப்பி இருந்தது. வேலாயுதமும் அந்தோணிப்பிச்சையும் மாலுமிகள். ஜெயித்தால் சென்னையில் இறுதிப்போட்டி. இசக்கியப்பன் தெரு முழுக்க விடைபெற்று, பெட்டியும் கட்டிவிட்டான்.

போட்டி, ஜமால் பாயின் மாடிக் கம்ப்யூட்டர் கடையில். அணிக்கொரு லேப்டாப்.

"இது ரெண்டாம் உலகப் போர். நீங்க அட்லாண்டிக் கடலுக்கு அடியில இருக்கீங்க. கப்பல்ல மொத்தம் நாப்பத்தினாலு பேரு. எதிரி சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிப்பான். மூச்சு விடப்படாது" என்றார் பாய்.

மூவரும் மூச்சை அடக்கினார்கள். ஒரு நிமிடத்தில் அந்தோணிப்பிச்சை கண் செருகி நாற்காலியோடு சாய்ந்தான். போர் என்றால் உயிர்ச்சேதம் இருக்கத்தான் செய்யும் என்று இசக்கியப்பன் மனதைத் தேற்றிக்கொண்டான். நல்லவேளை, சாய்ந்தவன் தும்மிக்கொண்டே எழுந்துவிட்டான்.

எதிரி குண்டு போட ஆரம்பித்தான். "ஆழத்துக்குப் போங்கடே!" என்று கத்தினார் பாய்.

"மாடில உக்காந்துக்கிட்டு எப்படிலே ஆழத்துக்குப் போறது?" என்றான் வேலாயுதம்.

நியாயமான கேள்வி. கேப்டன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, கீழே இருந்த தையல்கடை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். மாலுமிகளும் தவழ்ந்து வந்தார்கள். தையல்காரர் பயந்து காலைத் தூக்கிக்கொண்டார்.

திரையில் சிவப்பு விளக்கு. பாய் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "கப்பல்ல ஓட்டை! தண்ணியை வெளியேத்துங்க!"

இசக்கியப்பன் தரையைத் தடவிப் பார்த்தான். பொட்டுத் தண்ணீர் இல்லை.

"உள்ள இருந்தாத்தானலே வெளியேத்த முடியும்?" என்றான் கவலையோடு.

"அப்ப மொதல்ல உள்ள விடுவோம்" என்றான் அந்தோணிப்பிச்சை. இப்படிப்பட்ட மூளைதான் போரில் ஜெயிக்கும். தையல்கடையில் இருந்த ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். லேப்டாப் ஒருமுறை விக்கிவிட்டு இருண்டது.

"மூழ்கிட்டு!" என்று துள்ளினான் கேப்டன். "நீர்மூழ்கி மூழ்கிட்டுன்னா நாம ஜெயிச்சாச்சுல்லா?"

பாய் பிடரியில் கைவைத்துத் தெருவில் தள்ளிய பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. சென்னையும் இல்லை, ஒன்றும் இல்லை. இசக்கியப்பன் தொப்பியைக் கழற்றினான். அப்போது வேலாயுதம் பெருங்குரலில் அழுதான்.

"கப்பலுக்குள்ள நாப்பத்தினாலு பேரு இருந்தானுவளே! அவனுவ கதி?"

மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஏட்டையா நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"எங்க காணாமப் போனாங்க?"

"அட்லாண்டிக்லய்யா" என்றான் இசக்கியப்பன் விம்மலோடு.

ஏட்டையா பேனாவால் காதைச் சொறிந்தார்.

"அது ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்."

ஏட்டையா பேனாவை மூடினார். "அப்ப எங்க லிமிட்டுல வராது."